சோம்பேறியா? சோர்ந்தவனா?

கால் ஒடிந்து கிடக்கின்ற ஒருவனைப் பார்த்து, "ஏன் படுத்திருக்கின்றாய், எழுந்து ஓடு" என்று சொல்லுகின்றவன் எந்த நாட்டிலும் கிடையாது. ஏனெனில் ஒடிந்த கால் கண்ணுக்குத் தெரிகின்றது. ஆனால் உடம்பில் காயமில்லாமல், காய்ச்சல் இல்லாமல், நேற்றுவரை வேலைக்குப் போய்வந்த ஒருவன் திடீரென்று பேச்சுக் குறைந்து, குளிக்கவும் சாப்பிடவும் சக்தியற்று, இருட்டறையில் சுருண்டு படுத்துவிட்டால் அவனை என்னவென்று சொல்லுகின்றோம்? சோம்பேறி என்கின்றோம், பாசாங்கு என்கின்றோம், கொழுப்பு என்கின்றோம். வீட்டிலே கொஞ்சம் பக்தி அதிகமாயிருந்தால் கிரகம் பிடித்திருக்கின்றது என்கின்றோம். இவ்வளவும் சொல்லி முடிந்தபிறகும், அவனுக்கு என்ன நேர்ந்தது என்று அவனையே கேட்கவேண்டும் என்கின்ற எண்ணம் மாத்திரம் நமக்கு உண்டாவதில்லை.

இவ்விதம் விழுகின்றவர்களில் ஒரு வகையாரைப்பற்றியும், அவர்கள் பலர் ஒன்றாக உட்கார்ந்து தங்களைத் தேற்றிக்கொள்ளும் கூட்டுச் சிகிச்சை என்கின்ற முறையைப் பற்றியும் இவ்வாரம் எழுத விரும்புகின்றோம். நாம் சொல்லுவது ஆட்டிசம் என்னும் இயல்புடன் பிறந்து, வளர்ந்து, பெரியவர்களாகிவிட்ட ஆண்களையும் பெண்களையும் பற்றி.

ஆட்டிசம் என்பதைத் தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகின்றார்கள். அவர்களுடைய மதி ஒன்றும் இறுகிப்போகவில்லை. அவர்களைப்பற்றி நினைப்பதில் நம்முடைய மதிதான் இறுகியிருக்கின்றது. ஆதலால் இங்கே ஆட்டிசம் என்றே எழுதுவோம். அது மூளை வளரும் விதத்திலே உள்ள ஒரு வேற்றுமை. சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுதல் ஆகியவை அவர்களில் பலருக்கு நமக்குத் தெரிவதைவிடப் பலமடங்கு உறைக்கும். சிலருக்குக் குறைவாகவே தெரியும். ஒன்றைப் பிடித்தால் அதிலேயே ஆழ்ந்துவிடுவார்கள். முகக்குறிப்பாலும் ஜாடையாலும் நடக்கின்ற பேச்சு அவர்களுக்குச் சுலபத்தில் பிடிபடாது. திட்டம் திடீரென்று மாறினால் நிலைகுலைவார்கள். இதில் பேச்சே இல்லாதவர்களும் உண்டு. சர்வகலாசாலையில் பாடம் சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு.

இந்த இயல்பை ருஷ்யாவில் சுகாரேவா என்னும் பெண் வைத்தியர் 1925-லேயே ஆறு பையன்களிடம் கண்டு எழுதினார். அமெரிக்காவில் லியோ கானர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். வியன்னாவில் ஆஸ்பெர்கர் 1944-ல் எழுதினார். மூவரும் குழந்தைகளைப் பற்றியே எழுதினார்கள். அதன்பிறகு வெகுகாலம் உலகம் ஆட்டிசம் என்றால் குழந்தை என்றே நினைத்துக்கொண்டிருந்தது. குழந்தை வளராதா? வளர்ந்து வேலை தேடாதா? வாடகை கொடுக்காதா? கல்யாணம் செய்துகொள்ளாதா? கிழமாகாதா? இந்தச் சாதாரணக் கேள்வியைக் கேட்கவே உலகத்துக்கு நாற்பது ஐம்பது வருஷம் பிடித்தது.

கானர் எழுதிய 11 குழந்தைகளில் முதல்வரான டோனல்ட் டிரிப்லெட் என்பவர் அமெரிக்காவில் மிசிசிப்பி மாகாணத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் வாழ்ந்து, பாங்கியில் வேலை பார்த்து, தனியாக உலகமெல்லாம் பிரயாணம் செய்து, 2023-ல் தமது 89-வது வயதில் காலமானார். ஊரார் அவருடைய வழக்கங்களைக் கேலி செய்யாமல் அவரை அவராகவே விட்டுவைத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கின்றது. ஆனால் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர் வேலை பார்த்த பாங்கி அவர் தாயார் குடும்பத்தாருடைய பாங்கி! பாங்கி முதலாளி வீட்டுப்பிள்ளை வேறுமாதிரி இருந்தால் அது "அவருடைய சுபாவம்" ஆகிவிடுகின்றது. கூலிக்காரன் வீட்டுப்பிள்ளை அதேமாதிரி இருந்தால் அது "பைத்தியம்" ஆகிவிடுகின்றது. இயல்பு இருவருக்கும் ஒன்றுதான். சௌகரியம்தான் வேறு.

நிற்க. இவர்களுக்கு உலகம் இதுவரை செய்த பரிகாரம் என்ன என்று பார்ப்போம். "நோய்க்கும் பார், பேய்க்கும் பார்" என்பது நம்மவர் பழமொழி. வெள்ளைக்காரர்களிடத்தும் இந்தப் புத்திக்குக் குறைவில்லை. 2003-ல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் ஆட்டிசம் உள்ள 8 வயதுப் பையனுக்குப் பிசாசு ஓட்டுவதாகச் சொல்லி, ஒரு சிறிய கிறிஸ்தவ சபையில் அவனைத் தரையில் போட்டு அமுக்கிப் பிடித்து ஜபம் செய்தார்கள். பையன் மூச்சடைத்துச் செத்தான். பிசாசு போயிற்றா இல்லையா என்று நமக்குத் தெரியாது; பையன் போய்விட்டான். ஜபம் செய்தவர் சிறைக்குப் போனார். ஆகாய விமானம் கண்டுபிடித்த தேசத்திலே, கண்டுபிடித்து நூறு வருஷம் ஆன அதே 2003-ல், நடந்த சங்கதி இது.

படியாதவன் பேய் என்கின்றான் என்றால் படித்தவன் என்ன செய்தான்? சிகாகோவில் புரூனோ பெட்டெல்ஹைம் என்பவர் 1967-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதி, தாயின் அன்பில்லாமைதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று பிரசாரம் செய்தார். ஆயிரக்கணக்கான தாய்மார்கள் தாங்களே பிள்ளையைக் கெடுத்துவிட்டதாக நினைத்து அழுதார்கள். அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னமே, 1964-ல், பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவர் இது மூளையின் அமைப்பைச் சேர்ந்தது என்று எழுதியிருந்தார். 1977-ல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்னும் இருவர் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து, இதில் பிறவி அம்சம் பலமாக இருக்கின்றது என்று காட்டினார்கள். தாயின் குற்றம் என்கின்ற கதை இடிந்து விழுந்தது. பேய் என்பதும் தாய் என்பதும் ஒரே புத்தியின் இரண்டு பிள்ளைகள்தான். காரணம் தெரியாதபோது, தெரியவில்லை என்று சொல்லாமல், எதிர்த்துப் பேச முடியாத ஒருவர் தலையிலே பழியைப் போடுகின்ற புத்தி அது.

இப்போது நாம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் பர்ன் அவுட் என்று ஒரு வார்த்தை இருக்கின்றது. எரிந்து தீர்ந்துபோதல் என்பது அதன் பொருள். நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச வைத்தியசாலையில் உழைத்தவர்கள் உழைத்து உழைத்து உள்ளே வெறுமையாகிப் போவதைக் கண்டு, ஃப்ராய்டன்பெர்கர் என்னும் மனோதத்துவ நிபுணர் 1974-ல் இதை எழுதி வெளிப்படுத்தினார். உலக சுகாதார ஸ்தாபனமும் 2019-ல் இதை வேலையால் ஏற்படும் நிலைமை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்கு ஏற்படுவது இதைவிட ஆழமானது என்று வெகுநாளாகத் தங்களுக்குள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். விளக்கில் எண்ணெய் வற்றினபிறகும் திரி எரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? திரியே கருகிப்போகும். பிறகு எண்ணெய் ஊற்றினாலும் உடனே பற்றாது. ஆகவே நாம் இதைத் திரி கருகல் என்று சொல்லுவோம்.

அமெரிக்காவில் போர்ட்லண்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரேமேக்கர் என்பவர், தாமே ஆட்டிசம் உள்ளவர், தமது தோழர்களுடன் சேர்ந்து இப்படிக் கருகினவர்களையே கேட்டு 2020-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். அதன் முடிவு மூன்று அடையாளங்கள். ஒன்று, மாதக்கணக்கில், சாதாரணமாக மூன்று மாதத்துக்கு மேலாகவே, தீராத களைப்பு. இரண்டு, இருந்த திறமை போய்விடுவது: பேசினவர் பேச்சிழப்பதும், சமைத்தவர் அடுப்பு மூட்டத் தெரியாமல் நிற்பதும் போன்றவை. மூன்று, சத்தமும் வெளிச்சமும் முன்னே தாங்கின அளவுகூடத் தாங்காமல் போவது. காரணமும் அவர்களே சொன்னார்கள். வாழ்க்கையின் பாரம் சக்திக்கு மேலாகப் போய்க்கொண்டேயிருப்பதும், பாரத்தை இறக்கிவைக்க இடமில்லாததும், உதவிக்கு ஆளில்லாததும்தான் காரணம்.

அந்தப் பாரத்தில் பெரிய பங்கு வேஷத்துக்குப் போகின்றது. வேஷம் என்றால் என்ன? ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கணக்கு தண்ணீர்ப்பட்ட பாடு. ஆனால் காலையில் பஸ்ஸின் இரைச்சலில் பாதி உயிர் போய்விடுகின்றது. காரியாலயத்தில் தலைக்குமேலே விளக்கு கண்ணைக் குத்துகின்றது. எதிரில் பேசுகின்றவர் கண்ணைப் பார்க்கவேண்டும் என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு பார்க்கின்றார். மற்றவர்கள் சிரித்தால் காரணம் புரியாமலே சிரிக்கின்றார். ஆடவேண்டும் என்று துடிக்கின்ற கையைத் தொடைக்கடியில் அழுத்திவைக்கின்றார். என்ன வார்த்தை சொல்லவேண்டும் என்று முதல்நாள் இரவே ஒத்திகை பார்த்துவைத்திருக்கின்றார். சாயந்தரம் வீட்டுக்கு வந்தால் சம்பளத்துக்குச் செய்த வேலை கால்பங்கு. மனிதனைப்போல நடித்த வேலை முக்கால்பங்கு. லண்டனில் 2017-ல் 92 பேரைக் கேட்டு எழுதின ஆராய்ச்சியில், இந்த வேஷத்தால் தங்களுக்கு மிதமிஞ்சின களைப்பு உண்டாவதாகப் பெரும்பாலோர் சொன்னார்கள். கூத்தாடிக்காவது விடிந்தால் வேஷம் கலைக்க நேரமுண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை.

பெண்கள் நிலைமை இன்னும் மோசம். தலைகுனிந்திரு, எதிர்த்துப் பேசாதே, சிரித்த முகமாயிரு என்று பிறந்தது முதல் நடிக்கப் பழக்கிவிடுகின்றோம். ஆகையால் அவர்களுடைய கஷ்டம் வைத்தியர் கண்ணுக்கும் தப்பிவிடுகின்றது. முப்பது, நாற்பது வயதில், இரண்டு மூன்று தடவை கருகி விழுந்தபிறகு, தங்கள் பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்துப்போன இடத்தில் தங்களைப் பற்றியும் தெரிந்துகொண்ட பெண்கள் எத்தனையோ பேர்.

சரி, விழுந்தவர் சில மாதம் படுத்திருந்து எழுந்துவிடுகின்றார் என்று வைத்துக்கொள்ளுவோம். பிறகு என்ன நடக்கின்றது? வீட்டார் "இனிச் சரியாகிவிட்டது" என்று சொல்லி, அதே பஸ்ஸில், அதே விளக்கின் கீழே, அதே வேஷத்தோடு அனுப்பிவிடுகின்றார்கள். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து மறுபடி விழுகின்றார். ஒவ்வொரு தடவை விழும்போதும் எழுந்திருக்க அதிகநாள் பிடிக்கின்றது; எழுந்தபிறகும் பழைய திறமை முழுவதும் திரும்பாமல் போவதுண்டு. வேலை போகின்றது. சிநேகம் போகின்றது. தன்மீதுள்ள மதிப்புப் போகின்றது. 2018-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், வேஷம் போடுவதும், வேண்டிய உதவி கிடையாமையும் தற்கொலை எண்ணத்தோடு சம்பந்தப்பட்டிருப்பதாகக் கண்டார்கள். ஆகவே இது யாரோ சிலருடைய அலுப்பு சலிப்பு அல்ல. உயிர்ச் சங்கதி.

இதற்குப் பரிகாரமாகச் சொல்லப்படுவனவற்றில் ஒன்றுதான் கூட்டுச் சிகிச்சை. இது புதிதல்ல. 1905-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் வைத்தியர், க்ஷயரோகத்தால் வாடின ஏழைகளுக்குத் தனித்தனியே சொல்லி மாளாமல், அவர்களை வாரம் ஒருமுறை ஒரே அறையில் கூட்டி உட்காரவைத்துச் சுகாதாரம் போதித்தார். போதனையைவிட அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தைரியம் அடைந்ததே பெரிய மருந்தாக இருந்ததை அவர் கண்டார். 1935 முதல் அமெரிக்காவில் குடியர்கள் தாங்களே கூட்டம் போட்டுக் குடியை விட ஆரம்பித்தார்கள். "எனக்கு மட்டும்தான் இப்படி" என்று நினைத்திருந்தவன், "எனக்கும் இப்படித்தான்" என்று பக்கத்திலிருப்பவன் சொல்லக் கேட்டவுடன் அவன் நெஞ்சிலிருந்து பாதிப் பாரம் இறங்கிவிடுகின்றது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, "ஜனங்களோடு பழகுவதுதானே அவர்களுக்குக் கஷ்டம்? கூட்டத்தால் களைத்தவனைக் கூட்டத்திலேயே உட்காரவைப்பது என்ன சிகிச்சை?" என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். டேமியன் மில்ட்டன் என்னும் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர், இவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் இதற்கு அடிப்படையான ஒரு பதில் சொன்னார். இரண்டு தரத்தார் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவில்லையென்றால் குற்றம் ஒருதரத்தாரை மட்டும் சேர்ந்ததாக எப்படி ஆகும் என்பதே அவர் கேள்வி. எடின்பரோவில் இதைச் சோதித்துப் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். எட்டெட்டுப் பேரை வரிசையாக வைத்து, முதலாமவருக்கு ஒரு கதை சொல்லி, அவர் இரண்டாமவருக்கு, இரண்டாமவர் மூன்றாமவருக்கு என்று சொல்லச்செய்தார்கள். எல்லோரும் ஆட்டிசம் உள்ள வரிசையில் கதை எவ்வளவு நிலைத்ததோ, எல்லோரும் ஆட்டிசம் இல்லாத வரிசையிலும் அவ்வளவே நிலைத்தது. இருவகையாரும் கலந்த வரிசையில்தான் கதை அதிகமாகச் சிதைந்தது. அதாவது, அவர்களுக்குப் பேசத்தெரியாது என்பது பொய். நம்மிடத்தில் பேசுவது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டமோ, அவர்களிடத்தில் பேசுவது நமக்கும் அவ்வளவு கஷ்டம். நாம் எண்ணிக்கையில் அதிகமாயிருப்பதால் நம்முடைய கஷ்டத்தை அவர்களுடைய குறையாக எழுதிவைத்துவிட்டோம். பெரும்பான்மையோர் சிறுபான்மையோருக்குச் செய்கின்ற பழைய அக்கிரமந்தான் இது. ஆகையால் அவர்களைக் களைக்கவைப்பது நம்முடைய கூட்டம், அவர்களுடைய கூட்டமல்ல.

அப்படிப்பட்ட கூட்டம் எப்படி நடக்கவேண்டும்? ஏழெட்டுப் பேருக்கு மேல் இருக்கலாகாது. இடமும் நாளும் நேரமும் மாறலாகாது. இன்றைக்கு என்ன பேசப்போகின்றோம் என்பதை முன்னதாகவே எழுத்தில் கொடுத்துவிடவேண்டும். வெளிச்சம் மங்கலாயிருக்கவேண்டும், யாரும் அத்தர் புனுகு பூசிக்கொண்டு வரலாகாது. கண்ணைப் பார்த்துப் பேசு என்று யாரையும் சொல்லக்கூடாது. பேச முடியாதவர் எழுதிக் காட்டலாம், ஒன்றும் சொல்லாமலே உட்கார்ந்திருக்கலாம், கையை ஆட்டலாம், உடம்பை அசைக்கலாம், தாங்காவிட்டால் காரணம் சொல்லாமலே எழுந்து வெளியே போய்வரலாம். நடத்துகின்றவர்களில் ஒருவராவது ஆட்டிசம் உள்ளவராயிருப்பது மிக்க நலம். வெளியே கிளம்பவே முடியாதவர் வீட்டிலிருந்தபடியே கருவியின் வழியாகக் கலந்துகொள்ளலாம். புதிதாகக் கருகி விழுந்தவரை இதற்கும் இழுத்துவரலாகாது. அவருக்கு முதல் மருந்து ஓய்வு. திரி குளிர்ந்தபிறகே எண்ணெய்.

கூடி என்ன செய்வார்கள்? முதலாவது, தங்களுக்கு நேர்ந்ததற்குப் பெயர் தெரிந்துகொள்ளுகின்றார்கள். இருபது வருஷமாகச் சோம்பேறி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தவனுக்கு இது சாமானியமல்ல. இரண்டாவது, வரவு செலவுக் கணக்குப் போடப் பழகுகின்றார்கள். சந்தைக்குப் போனால் இவ்வளவு செலவு, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் இவ்வளவு செலவு, தனியாக இருந்து பிடித்த காரியம் செய்தால் இவ்வளவு வரவு என்று ஒவ்வொருவரும் தத்தம் கணக்கை எழுதிப்பார்த்தால், எந்த மாதம் திவாலாகும் என்பது விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும். மூன்றாவது, விழப்போவதற்கு முன் உடம்பு காட்டுகின்ற ஜாடைகளை அடையாளம் கண்டுகொள்ளுகின்றார்கள். ஒருவருக்குப் பேச்சுக் குழறும். ஒருவருக்கு எல்லாச் சத்தமும் அடியாக விழும். ஒருவருக்குப் பசியே தெரியாது. நான்காவது, எங்கே வேஷத்தைக் கழற்றலாம், எங்கே கழற்றினால் ஆபத்து, யாரிடத்தில் எந்தச் சௌகரியத்தைக் கேட்கலாம், எப்படிக் கேட்கவேண்டும் என்று ஒருவர் அனுபவத்தை மற்றவர் தெரிந்துகொள்ளுகின்றார். வைத்தியருக்குப் புத்தகத்தில் கிடைக்காத அறிவு இங்கே ஏழெட்டுப் பேரிடத்தில் சிதறிக் கிடக்கின்றது. கூட்டம் அதைச் சேர்த்துக் கட்டுகின்றது.

இதையெல்லாம் நாம் சொன்னோம் என்பதற்காக யாரும் நம்பவேண்டியதில்லை. சோதனை என்ன சொல்லுகின்றது என்று பார்க்கவேண்டும். ஸ்வீடன் தேசத்தில் ஆட்டிசம் உள்ள 68 பெரியவர்களைச் சீட்டுப்போட்டு இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று மணி நேரம், 36 வாரம், நிபுணர்கள் முறைப்படி கூட்டுச் சிகிச்சை செய்தார்கள். மற்றொரு பிரிவுக்கு அதே அளவு காலம், சிகிச்சை என்று ஒன்றுமில்லாமல், சேர்ந்து உலாவுவது, சமைப்பது, பொருட்காட்சிசாலை பார்ப்பது போன்ற பொழுதுபோக்கு மாத்திரம். 2014-ல் முடிவு வெளிவந்தது. இரண்டு பிரிவாருக்கும் வாழ்க்கைத் திருப்தி ஒரேமாதிரி உயர்ந்திருந்தது! மனநோய் அடையாளங்கள் இரண்டிலும் பெரிதாகக் குறையவில்லை. தங்கள் தேவையை எடுத்துச் சொல்லும் திறமை கூடியதாகச் சிகிச்சைப் பிரிவார் அதிகமாகச் சொன்னார்கள். நடுவில் விட்டுப்போனவர்களும் அதில் குறைவு. இதிலிருந்து என்ன தெரிகின்றது? நிபுணருடைய வித்தைக்கு ஓரளவு பலன் உண்டு. ஆனால் தன்னைப்போன்றவர்களோடு, பயமில்லாமல், தவறாமல் கூடுவதற்கே பெரும்பலன் உண்டு. ஹாலந்தில் 2013-ல் வெளிவந்த வேறொரு சோதனையில், சும்மா உட்கார்ந்து மூச்சையும் உடம்பையும் கவனிக்கும் பயிற்சியைக் கூட்டமாகச் செய்தவர்களுக்கு மனச்சோர்வும் கவலையும் குறைந்தன. மூச்சைக் கவனிப்பதென்றவுடன் சாமியார்கள் ஓடிவந்து சொந்தம் கொண்டாடவேண்டாம். அங்கே கடவுளும் இல்லை, காணிக்கையும் இல்லை. இவையெல்லாம் சிறிய சோதனைகள்தான். மேற்படி ஸ்வீடன் சோதனையை அதைச் செய்தவர்களே பூர்வாங்கமானது என்றுதான் சொன்னார்கள். அளவுக்குமேல் சொல்லாதிருப்பதுதான் விஞ்ஞானத்துக்கும் வேப்பிலைக்கும் உள்ள வித்தியாசம்.

இனி ஓர் எச்சரிக்கை. கூட்டுச் சிகிச்சை என்று பெயர்வைத்ததெல்லாம் கூட்டுச் சிகிச்சையாகாது. கண்ணைப் பார், கையைக் கட்டு, மற்றவர்களைப்போலச் சிரி என்று பத்துப்பேரை வரிசையாக வைத்துப் பழக்குகின்ற கூட்டமும் உண்டு. அமெரிக்காவில் லோவாஸ் என்பவர் 1960-களில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளை மாற்றுவதற்காக அடியையும் மின்சார அதிர்ச்சியையும்கூடக் கையாண்டார். அடி இன்று குறைந்திருக்கலாம். ஆனால் "நீ நீயாக இருக்கக்கூடாது" என்கின்ற கருத்துப் போய்விடவில்லை. வேஷம் போட்டுக் கருகினவனுக்கு வேஷத்தை இன்னும் நன்றாகப் போடக் கற்றுக்கொடுப்பது என்ன வைத்தியம்? செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுகின்ற வைத்தியம் அல்லவா? தாழ்த்தப்பட்டவனுக்குக் குனிய நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது அவனுக்கு முதுகு வலிக்கவில்லை என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன பேதம்? ஒரு மனிதன் தன் இயல்போடு வெட்கமில்லாமல் நிமிர்ந்து நிற்க எந்தக் கூட்டம் உதவுகின்றதோ அதுவே கூட்டம். மற்றவை பட்டாளக் கவாத்து.

அடுத்தபடியாக, "எல்லோருக்கும்தான் களைப்பு இருக்கின்றது, இவர்களுக்கு மாத்திரம் என்ன தனிச்சலுகை?" என்று கேட்பவர்கள் இருக்கின்றார்கள். மாட்டைப் பார்த்து மூட்டை ஏற்றவேண்டும் என்று வண்டிக்காரனுக்குத் தெரிகின்றது. மனிதனைப் பார்த்து மூட்டை ஏற்றவேண்டும் என்று முதலாளிக்குத் தெரியவேண்டாமா? அவர்கள் கேட்பது என்ன? கண்ணைக் குத்தாத விளக்கு, இரைச்சலில்லாத ஒரு மூலை, வாயால் இரைந்து சொல்லுகின்ற உத்தரவை எழுத்தில் கொடுப்பது, நேரத்தில் கொஞ்சம் தாராளம். இவ்வளவுதான். இதற்குச் செலவாகும் பணம், ஒரு நல்ல வேலைக்காரன் கருகி விழுந்து வேறொருவனைத் தேடிப் பழக்குவதற்கு ஆகும் செலவில் ஒரு சிறுபங்குகூட இராது. தர்மத்துக்காகச் செய்யாவிட்டாலும் லாபத்துக்காகவாவது செய்யலாம்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்காகவே 2009-ல் ஒரு சட்டம் செய்தார்கள். இந்தியாவில் 1999-ல் ஏற்பட்ட சட்டத்திலும், 2016-ல் ஏற்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஆட்டிசம் சேர்க்கப்பட்டிருக்கின்றது. சர்க்கார் காரியாலயங்கள் அப்படிப்பட்ட ஊழியர்களுக்குத் தக்க சௌகரியங்களைச் செய்துகொடுக்கவேண்டும் என்று 2016-ம் வருஷச் சட்டம் சொல்லுகின்றது. ஆனால் காகிதத்திலுள்ள சட்டம் தானாக நடந்துவந்து விளக்கை அணைக்குமா? கேட்பவன் இருந்தால்தான் சட்டம் நடக்கும். தனியாக ஒருவன் கேட்டால் "திமிர்" என்பார்கள். ஏழெட்டுப் பேர் கூடி, இன்னது தேவை, இன்ன காரணத்தால் தேவை என்று தெளிந்து கேட்டால் அது கோரிக்கை ஆகின்றது. இந்தக் காரணத்தாலும் கூட்டம் அவசியம் என்கின்றோம். கூட்டம் மனிதனைத் தேற்றுவதோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான். தேறினவனைப் பழைய நெருப்புக்கே திருப்பி அனுப்பாமலிருக்க, நெருப்பையும் தணிக்கவேண்டும். இல்லாவிட்டால் மறுபடி கருகல், மறுபடி கூட்டம், மறுபடி கருகல் என்று செக்குமாட்டைப்போலச் சுற்றவேண்டியதுதான்.

முடிவாக வாசகத் தோழர்களுக்குச் சொல்லுவது என்னவென்றால், உங்கள் வீட்டிலோ, தெருவிலோ, வேலைசெய்யுமிடத்திலோ இப்படி விழுந்து எழுந்து விழுகின்ற ஒருவர் இருக்கக்கூடும். அவருக்குத் தாயத்துக் கட்டவேண்டாம். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று இன்னொரு உயிரையும் கொண்டுவந்து கட்டவேண்டாம். பக்கத்து வீட்டுக்காரனோடு ஒப்பிட்டுப் பேசவேண்டாம். முதலில் ஓய்வு கொடுங்கள். பேசச்சொல்லி வற்புறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தால் வாங்கிப் படியுங்கள். தக்க வைத்தியரிடம் காட்டுங்கள். அவரைப்போன்ற நான்குபேர் கூடுகின்ற இடம் இருந்தால் போய்வர வழிசெய்யுங்கள். இல்லாவிட்டால் ஏற்பட ஒத்தாசை செய்யுங்கள். அதற்குப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. சத்தமில்லாத ஓர் அறை, ஏழெட்டு நாற்காலி, மாறாத ஒரு நேரம் போதும்.

கோயிலுக்கும் குளத்துக்கும் திருவிழாவுக்கும் வருஷந்தோறும் கொட்டுகின்ற பணத்தில் ஊருக்கு ஓர் அறை எத்தனை கட்டலாம் என்று கணக்குப் பார்க்கவேண்டிய வேலையை வாசகர்களுக்கே விட்டுவிடுகின்றோம்.